ஹிட்லரும் மறைவித்தையும்: ஒரு திறனாய்வு

ஹிட்லரின் பெயர் நம் பிரசங்க பீடங்களில் எழும்போதெல்லாம் ஒரு விளக்கமும் அதனோடு சேர்ந்தே வருகிறது. அவன் பேய் பிடித்தவன்; மாந்திரிகரின் கையாள்; ஜெர்மானிய மக்கள் அவனுடைய வசியத்தில் மயங்கினர். கேட்போர் தலையசைக்கின்றனர். நாமும் இவ்வாறு பிரசங்கித்ததுண்டு. இவ்விளக்கத்துக்குத் தீனி அளித்தவை 1960-இல் பிரான்சில் போவெல்சும் பெர்ஜியேயும் வெளியிட்ட நூலும், 1972-இல் வெளிவந்த ரேவன்ஸ்கிராஃப்ட்டின் ‘விதியின் ஈட்டி’யும் போன்ற பரபரப்பு நூல்களே. ஆண்டவரின் விலாவைக் குத்திய ஈட்டியின் மேல் கொண்ட வெறியே ஹிட்லரை இயக்கியது என்று பின்னது கதை புனைகிறது.

1985-இல் நிக்கலஸ் குட்ரிக்-கிளார்க் வெளியிட்ட ‘நாஜிசத்தின் மறைவித்தை வேர்கள்’ இக்கதைகளைச் சான்றுகளால் உரசிப் பார்த்தது. 2017-இல் எரிக் கர்லாண்டரின் ‘ஹிட்லரின் அரக்கர்கள்’ அதே வழக்கை மீண்டும் விசாரணைக்கு எடுத்தது. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தபின், நம் பழைய பிரசங்கக் குறிப்புகளில் சில வரிகளை அடிக்க வேண்டியதாயிற்று.

முதல் நூலின் சிறந்த பகுதி, வியன்னாவில் எழுந்த ‘ஆரிய ஞான’க் குழுக்களைப் பற்றியது. பண்டைய ரூன் எழுத்துகளில் மறைபொருள் கண்ட கீடோ ஃபொன் லிஸ்ட் ஒருவர். மற்றவர் லான்ஸ் ஃபொன் லீபென்ஃபெல்ஸ். இவரே நம் கவனத்துக்கு உரியவர். ஏனெனில் இவர் திருமறை கற்றவர். சிஸ்டர்சியன் மடத்துத் துறவியாக இருந்து 1899-இல் வெளியேறியவர். மனிதனின் வீழ்ச்சி என்பது கீழ்ப்படியாமை அன்று, உயர்ந்த இனம் விலங்கொத்த இனத்தோடு கலந்ததே என்று ஆதியாகமத்துக்குப் பொருள் கூறினார். 1905-இல் ‘ஓஸ்தாரா’ என்னும் இதழைத் தொடங்கி இக்கருத்தை மலிவு விலையில் பரப்பினார். ஆதிமனித இனங்களைப் பற்றிய கருத்துகளை இவ்விருவரும் பிளவாட்ஸ்கி அம்மையாரின் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டனர். அம்மையாரின் பிரம்மஞான சபை நம் சென்னை அடையாற்றில் தலைமையகம் கொண்டது. எனினும் மனித குலத்தின் சகோதரத்துவத்தை முதல் நோக்கமாக அறிவித்த அச்சபையை நாஜி ஆட்சி தடைசெய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரவல் வாங்குவோர் வேண்டியதை மட்டுமே வாங்குகின்றனர்.

1918-இல் மூனிக்கில் இயங்கிய தூலே சங்கத்தின் சுற்றத்திலிருந்தே, பின்னர் நாஜிக் கட்சியாக மாறிய சிறு கட்சி 1919-இல் பிறந்தது. ஆயினும் ஹிட்லர் அச்சங்கத்தில் கலந்துகொண்டதற்குச் சான்று இல்லை. மறைவித்தையில் உண்மையாகவே மூழ்கியவர் ஹிம்லர். மனநோய் மருத்துவமனையில் இருந்து வந்த வீலிகூட் என்பவரைத் தம் குலஞானியாக ஏற்றார். 1934-இல் வேவெல்ஸ்பர்க் கோட்டையைக் குத்தகைக்கு எடுத்துத் தம் எஸ்.எஸ். படையின் புனிதத் தலமாக்க முயன்றார். அக்கோட்டையைப் புதுப்பித்தது மந்திரம் அன்று. அருகிலிருந்த நீடர்ஹாகன் முகாமின் கைதிகள் புதுப்பித்தனர். ஏறத்தாழ 3,900 பேரில் குறைந்தது 1,285 பேர் மாண்டனர். பரபரப்பு நூல்கள் கோபுரத்தின் மர்மத்தைச் சொல்லும் அளவுக்கு இவ்வெண்களைச் சொல்வதில்லை.

ஹிட்லரோ 1938 செப்டம்பரில் நூரம்பர்க்கில், தம் இயக்கம் வழிபாட்டு இயக்கம் அன்று என்றும், மறைஞானக் கும்பல்களுக்கு அதில் இடமில்லை என்றும் பேசினார். 1941-இல் ஹெஸ் பிரிட்டனுக்குப் பறந்தபின் சோதிடர்களும் குறிசொல்வோரும் சிறைப்பட்டனர். கர்லாண்டர் இதை மறுக்கவில்லை. ஆட்சி தனக்கு உதவாதவற்றை ஒடுக்கி, உதவியவற்றை வைத்துக்கொண்டது என்கிறார். கப்பலைக் கண்டுபிடிக்கக் கடற்படை ஊசற்குண்டுகளை நம்பிய செய்தி இதற்கு நல்ல சான்று. ஆனால் அவர் வலையை மிக அகலமாக வீசுகிறார். நாட்டுப்புற நம்பிக்கை, நீரோட்டம் பார்த்தல், கீழை நாட்டுச் சமயம் யாவும் ஒரே கூடையில் விழும்போது, எது கொலைக்கு இட்டுச் சென்றது என்பது மங்கிவிடுகிறது.

நம்முடைய தயக்கம் இதற்கும் அப்பாற்பட்டது. 1933-இல் ஜெர்மானியரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் நம்மைப் போன்ற சீர்திருத்தச் சபையினர். அவ்வாண்டு ஜூலையில் நடந்த சபைத் தேர்தலில், ஹிட்லரை ஆதரித்த ‘ஜெர்மானியக் கிறிஸ்தவர்’ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்றனர். நவம்பர் 13 அன்று பெர்லின் விளையாட்டரங்கில் 20,000 பேர் கூடி, பழைய ஏற்பாட்டை நீக்க வேண்டும் என்று கேட்டுக் கைதட்டினர். அவர்கள் ரூன் ஓதும் மந்திரவாதிகள் அல்லர். ஞானஸ்நானம் பெற்றவர்கள், திருவிருந்தில் பங்குகொண்டவர்கள். எதிர்த்து நின்ற பார்மன் அறிக்கை 1934-இல் வெளிவந்தது. அதிலும் யூதரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

1939 மே மாதத்தில், லூத்தர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த வார்ட்பர்க் கோட்டையிலேயே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றுவதே அதன் பணி. அதன் கல்வி இயக்குநர் யேனாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் குருண்ட்மன். மறுஆண்டே யூதச் சாயல் துடைக்கப்பட்ட ஒரு புதிய ஏற்பாட்டை அந்நிறுவனம் அச்சிட்டது. லான்ஸ் மடத்தை விட்டு வெளியேறிச் செய்ததை இவர்கள் சபைக்குள்ளிருந்தே, அடிக்குறிப்புகளோடு செய்தனர்.

இறையியல் கல்லூரி நூலகங்களில் கிட்டலின் புதிய ஏற்பாட்டு இறையியல் அகராதி இருக்கும். அதன் முதல் தொகுதி 1933-இல் வந்தது. கட்சியில் சேர்ந்து, யூதரின் குடியுரிமையைப் பறிக்க வேண்டும் என்று கிட்டல் எழுதிய சிறுநூல் வந்ததும் அதே ஆண்டில். அந்த அகராதியை நாம் எரிக்கச் சொல்லவில்லை. நாமும் அதைப் பயன்படுத்துகிறோம். ‘வல்லமை’ என்னும் சொல்லுக்காக இரண்டாம் தொகுதியைத் திறக்கும் மாணவர், கட்டுரையின் முடிவிலுள்ள பெயரையும் பார்க்கட்டும். குருண்ட்மன் என்று இருக்கும்.