நகைப்புக்கு இலக்கானவர் யார்?

பொன் சேர்ப்போரை உலகம் மதிக்கிறது. பழந்தாள் சேர்ப்போரைப் பார்த்துச் சிரிக்கிறது. ஜோலார்பேட்டையில் நம் இல்லத்திற்கு வந்திருந்த ஆம்பூர் நண்பர் ஒருவர், தம் பையிலிருந்து ஒரு கட்டு அஞ்சலட்டைகளை எடுத்து விரித்தபோது நாமும் அப்படித்தான் சிரித்தோம். நண்பர் தோல் வணிகக் குடும்பத்தவர். இப்பகுதியில் பதனிட்ட தோல் இலண்டன் சந்தைக்குக் கப்பலேறிய காலத்தில் அவருடைய முப்பாட்டனார்க்கு அங்கிருந்து வந்த அட்டைகள் சில. பெங்களூரில் பழந்தாள் வணிகரிடம் விலைகொடுத்து வாங்கியவை பல. அனைத்தும் மோட்டார் வண்டி புதிதாய்த் தோன்றிய நாளில் அதனைக் கேலி செய்து வரைந்த சித்திரங்கள். அஸர் தொழுகைக்குப் பின் பார்க்கத் தொடங்கி, மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை பார்த்தோம். நம் சிரிப்பு அதற்குள் இடம் மாறியிருந்தது.

அஞ்சலட்டை முதன்முதல் 1869இல் ஆஸ்திரியாவில் வெளிவந்தது; நம் நாட்டில் 1879 ஜூலை முதல் நாள் கால் அணா விலையில் வந்தது. பிரிட்டனில் 1902 முதல் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுத இசைவு தந்தனர். மறுபக்கம் முழுவதும் ஓவியனுக்குக் கிடைத்தது. கேலிச் சித்திரம் பெருகியது. 1918 ஜூன் வரை அங்கே அட்டைக்கு அரைப் பென்னி தலையே போதும். இக்குறிகளைக் கொண்டே சேகரிப்போர் அட்டையின் வயதை மதிப்பிடுகின்றனர். இத்துறையில் பெயர்பெற்ற இலண்டன் ராஃபேல் டக் நிறுவனத்தின் மாளிகை 1940 டிசம்பர் 29ஆம் நாள் இரவு விமானக் குண்டுவீச்சில் எரிந்தது. மூல ஓவியங்களும் ஏடுகளும் சாம்பலாயின. இன்று வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் அட்டைகளே சாட்சி. எனவே இதனைக் குப்பை சேர்ப்பது என்று சொல்லற்க. அமானிதம் பேணுவது என்க.

இனிச் சித்திரங்களுக்கு வருவோம். கனவான் ஒருவர் பழுதுற்ற வண்டியின் அடியில் மல்லாந்து கிடக்கிறார். துணைவியார் மேலே குடை பிடித்து அமர்ந்திருக்கிறார். இன்னொன்றில் உழவனின் குதிரை மோட்டாரைக் கயிறு கட்டி இழுத்துச் செல்கிறது. உழவன் வாய்விட்டு நகைக்கிறான். வேறொன்றில் காவலர் கடிகாரமும் கையுமாய்ப் புதரில் பதுங்கியிருக்கிறார். இது வெறுங் கற்பனையன்று. 1865ஆம் ஆண்டுச் சட்டம், தானே ஓடும் வண்டிக்கு முன் ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டுமென்றது. 1896இல் மணிக்கு 14 மைலும், 1903இல் 20 மைலும் வேக எல்லையாயின. காவலர் மறைந்திருந்து வேகம் அளந்தனர். அவர்கள் பதுங்கிய இடத்தை வண்டியோட்டிகளுக்கு அறிவிக்கவே 1905இல் ஒரு சங்கம் அமைந்தது. வரலாற்று நூல் விரித்துரைப்பதை அட்டை ஒரு நொடியில் உணர்த்துகிறது.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினின்றும் நகை பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அரபு அறிஞர் வழக்கிலோ ‘மிஸாஹ்’ எனும் விளையாட்டுப் பேச்சு வேறு. ‘ஸுக்ரிய்யா’ எனும் இழித்துரைக்கும் ஏளனம் வேறு. முன்னது உள்ளத்தை இளக்கும். பின்னதைச் சூரத்துல் ஹுஜுராத் கண்டிப்பதை நம் பிள்ளைகளும் அறிவர். இவ்வுரைகல்லில் அட்டைகளை உரைத்துப் பார்த்தோம். அந்நாளில் மோட்டார் செல்வரின் விளையாட்டுப் பொருள். புழுதி குடித்துப் பாதையோரம் நின்றவன் சிரித்த சிரிப்பே இவற்றில் பல. செருக்கைச் சற்றே குட்டும் அந்நகைக்கு நாம் உடன்படுகிறோம்.

எல்லா அட்டைக்கும் அவ்வாறு உடன்பட இயலவில்லை. கோழிகள் சிறகு சிதறிப் பறக்க, முதியவள் ஒருத்தி கூடையுடன் பள்ளத்தில் விழ, வண்டி விரைகிறது. ஓவியன் வண்டியில் அமர்ந்து அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். இவ்வட்டைக்குச் சில ஆண்டுகள் முன்பே, 1896 ஆகஸ்ட் 17ஆம் நாள், இலண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் நாற்பத்து நான்கு வயதுப் பெண்மணி மோட்டார் மோதி உயிரிழந்திருந்தார். அந்நாட்டில் அவ்வாறு மாண்ட முதல் பாதசாரி அவரே. இத்தகைய நிகழ்ச்சி இனி நேரலாகாது என்று விசாரணை அதிகாரி கூறியதாய்ச் சொல்வர். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். வாணியம்பாடி, ஆம்பூர் வழியே ஓடும் பெருஞ்சாலையைக் கால்நடையாய்க் கடக்க நிற்போர்க்கு அந்தச் சித்திரத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

நம் பக்கத்து அட்டைகளிலும் இதே கேள்வி எழுகிறது. 2018இல் இலண்டன் சோவாஸ் கல்விக்கூடத்தார் சென்னை, பெங்களூர் அஞ்சலட்டைகளைக் காட்சிக்கு வைத்தனர். அவற்றுள் ‘மாஸ்டர்ஸ்’ என்றொரு வரிசை. வெள்ளையர் வீட்டுப் பணியாளர் எசமானரைப் போலவே நடித்துக் காட்டும் புகைப்படங்கள். சிரிக்கப்படுபவர் எசமானரா, பணியாளரா? விடை பார்ப்பவரின் உள்ளத்தைப் பொறுத்தது. மோட்டார் அட்டைக்கும் இதுவே அளவுகோல்.

நண்பரின் உழைப்பு போற்றத்தக்கது. ஒரு குறையையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். வண்டியின் வகையையும் சந்தை விலையையும் கொண்டே அவர் அட்டைகளை அடுக்கியுள்ளார். சிரிப்பவர் யார், சிரிக்கப்படுபவர் யார் என்று அடுக்கினாரல்லர். அவ்வாறு அடுக்கினால் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடநூலாகும். ‘உள்ளத்தைப் புண்படுத்தும் அட்டைகளை எறிந்துவிடவா?’ என்று கேட்டார். வேண்டாம் என்றோம். எறிந்துவிட்டால், மனிதர் எதற்கெல்லாம் சிரித்தனர் என்பதற்குச் சான்றில்லாமற் போகும். கூடைக்கார முதியவளின் அட்டையைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தார். அதனை எடுத்து முதற் பக்கத்தில் வைக்கச் சொன்னோம்.