ஒரு நேர்கோட்டுக்கு ஐம்பது பக்கம்

வானியலாளர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தரும் எழுத்தில் நான் அடிக்கடி திரும்பிப்போவது 2010இல் டேவிட் ஹாக், ஜோ போவி, டஸ்டின் லாங் மூவரும் ஆர்க்கைவ் தளத்தில் வெளியிட்ட ‘டேட்டா அனாலிசிஸ் ரெசிபீஸ்: ஃபிட்டிங் எ மாடல் டு டேட்டா’. பெயர்தான் சமையல் குறிப்பு. உள்ளே இருப்பதோ, குறிப்பை மட்டும் பார்த்துச் சமைப்பவர்களோடு போடும் நீண்ட சண்டை.

ஐம்பது பக்கங்களைத் தாண்டும் அதில் நடக்கும் வேலை ஒன்றே ஒன்று: இருபது புள்ளிகளுக்கு ஒரு நேர்கோடு பொருத்துவது. இதுக்கு இவ்வளவா என்று தோன்றும். கணக்குப் பேப்பரில் லீஸ்ட் ஸ்கொயர்ஸுக்கு இரண்டு சமன்பாடு எழுதி மார்க் வாங்கியவர்கள்தானே நாமெல்லாம். ஆனால் அந்த முறை சரியாக வர, ஓர் அச்சில் பிழையே இருக்கக்கூடாது. மற்ற அச்சில் பிழை காஸியனாக இருக்கவேண்டும், அதன் அளவும் முன்பே தெரிந்திருக்கவேண்டும். நிஜத் தரவில் இதெல்லாம் சேர்ந்து அமைவது அபூர்வம் என்று முதல் பக்கத்திலேயே போட்டு உடைக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது, ஒட்டாத புள்ளிகளைப் பற்றிய பகுதி. தூரமாக நிற்பதைத் தூக்கிப்போடு, மறுபடி கோடு போடு, மறுபடி தூக்கு: இது வழக்கம். சர்வர் லாக்கில் நாங்களும் செய்வோம். இவர்கள் கேட்பது வேறு. கெட்ட புள்ளியும் எங்கிருந்தோ வந்ததுதானே, அது வந்த விதத்தையும் மாடலுக்குள் எழுது என்கிறார்கள். தரவு எப்படிப் பிறந்தது என்ற கதையை முதலில் சொல்லிவிட்டால், பொருத்தும் முறை உன் இஷ்டத்துக்கு விடப்படுவதில்லை. இந்த ஒரு பாடத்துக்காகவே இதைப் படிக்கலாம்.

என் புகார், அந்த இருபது புள்ளிகளின் அட்டவணை மீது. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் பிழையின் அளவு அச்சாகி வந்துவிடுகிறது. அதை நம்பமுடியாத நிலையைப் பற்றியும் தனியாகப் பேசுகிறார்கள், உண்மைதான். ஆனால் எல்லாப் புள்ளிகளையும் ஒரே பக்கம் சேர்த்து இழுக்கும் பிழை சிதறலில் தெரியாது.

1929இல் எட்வின் ஹபிள் 24 விண்மீன் மண்டலங்களுக்குப் போட்ட கோட்டை எடுத்துக்கொள்வோம். மெகாபார்செக்குக்கு நொடிக்கு 465 கிலோமீட்டர், கூடக் குறைய 50 என்று சரிவு வந்தது. இன்றைய மதிப்பு ஏறக்குறைய 70. அவர் சொன்ன பிழையைப்போல் ஏழெட்டு மடங்கு தள்ளி நிற்கிறது. ஹாக் கூட்டணியின் உத்திகள் அத்தனையும் அவர் கையில் இருந்திருந்தாலும் அதே தப்பான சரிவுதான், இன்னும் அழகாக, வந்திருக்கும். கோணல் இருந்தது தூரங்களை அளந்த கோலில். அளவுகோல் தவறு என்று ஒரு மாறியை மாடலில் சேர்க்கலாமே என்றால், சேர்க்கலாம். ஆனால் அந்த அட்டவணையை வைத்து மட்டும் அதன் மதிப்பைக் கண்டுபிடிக்க முடியாது. பாலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கியில் தெரிந்திருக்கவேண்டிய ஆர்ஆர் லைரே விண்மீன்கள் ஆண்ட்ரோமீடாவில் தெரியவில்லையே என்று வால்டர் பாடே குழம்பினார். செஃபீடுகள் இரண்டு வகை, தூரங்கள் ஏறத்தாழ இரு மடங்கு என்று 1952இல் அறிவித்தார். கோலை நிமிர்த்தும் வேலை அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

ஆகவே இதை வகுப்பில் வைப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. முதல் பயிற்சியில் கோடு போடச் சொல்லாதீர்கள். பிழை என்ற அந்தப் பத்தியில் உள்ள எண்ணை யார், எந்தக் கருவியால், எதை நம்பி எழுதினார் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். தரவு பிறந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.