ஐடிஐ தருவதும் ஆலை கேட்பதும்

இந்தியத் தொழிற்சாலைகளின் மின்பராமரிப்புக்கும் கருவிப் பராமரிப்புக்கும் பெரும்பாலும் ஆள் தருபவை ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களே. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் எலக்ட்ரீஷியன், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் இரண்டும் தனித்தனித் தொழிற்பிரிவுகள். பத்தாம் வகுப்பு முடித்தவர் இரண்டாண்டு பயின்று தொழில்தேர்வு எழுதுகிறார். ஆலையிலோ, அதிலும் ரசாயனம், சிமென்ட், காகிதம் போன்ற இடைவிடாது ஓடும் ஆலைகளில், இவ்விரு வேலைகளும் 'இ அண்ட் ஐ' (எலக்ட்ரிக்கல் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்) என்ற ஒரே துறையில் வந்து சேர்கின்றன.

கைப்பழக்கம்தான் இப்பயிற்சியின் பெரும் பலம். பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி பணிமனையில் கழிகிறது. கேபிளுக்கு லக் அடிப்பது, ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்கு வயரிங் செய்வது, மோட்டார் சுருளின் காப்பை மெக்கரால் சோதிப்பது ஆகியவை கையில் படிந்துவிடுகின்றன. சரியாக முறுக்காத ஒரே ஒரு டெர்மினல் சூடேறிப் பேனலையே எரித்துவிடும் என்பதால் இதைச் சிறிய திறன் என்று ஒதுக்க முடியாது. பொறியியல் பட்டதாரிகள் பலருக்கு இது வாய்ப்பதில்லை.

பழுது தேடுவதில்தான் குறை தெரிகிறது. ஒரு பம்ப் திடீரென நிற்கிறது என்று கொள்வோம். ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகியிருக்கலாம். அல்லது தொட்டியின் லெவல் டிரான்ஸ்மிட்டர் தவறான அளவு காட்ட, அதை நம்பிய பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி பம்பை நிறுத்தியிருக்கலாம். எலக்ட்ரீஷியன் மோட்டாரைச் சோதித்து 'நன்றாக இருக்கிறது' என்கிறார். இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் வரும்வரை உற்பத்தி நிற்கிறது. டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் சிக்னல் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை. பூஜ்ய அளவுக்கும் 4 மில்லிஆம்பியர் ஓடும். ஆகவே மீட்டரில் 0 வந்தால் வயர் அறுந்திருக்கலாம், அல்லது மின்வழங்கல் போயிருக்கலாம். இதை அறிந்தவருக்கு ஒரு மல்டிமீட்டரே பாதி விடை சொல்லிவிடும். எலக்ட்ரீஷியன் பிரிவில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. செய்முறைத் தேர்வும் பெரும்பாலும் முடித்த வேலைக்கே மதிப்பெண் தருகிறது, காரணத்தைத் தேடிச் சென்ற வழிக்கு அல்ல.

இக்குறையை அப்ரண்டிஸ் காலம் நிரப்ப வேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தின்கீழ், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். ஏற்பாடு சிறந்தது. மூத்த டெக்னீஷியனுடன் ஒரு ஷட்டவுனில் நிற்பவர், மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, மின்னழுத்தம் இல்லை என்று சோதித்த பிறகே கை வைக்கும் ஒழுக்கத்தைக் கற்கிறார். பல இடங்களில் பழகுநர் குறைந்த ஊதிய உதவியாளாக மட்டும் நடத்தப்படுவது வருத்தத்துக்குரியது. கருவி தூக்குவதிலேயே ஆண்டு கழிந்துவிட்டால் சான்றிதழ் கிடைக்கும், தொழில் கிடைக்காது.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து நவீனப்படுத்தப்பட்டன. ரோபோவும் தானியங்கி எந்திரங்களும் வந்திருப்பது வரவேற்கத்தக்கது. புதிய எந்திரம் மட்டும் பழுது தேடக் கற்றுத் தராது. அதற்குத் தேவையானவை எளியவை: இரு பிரிவினருக்கும் பொதுவான முதலாண்டுப் பாடம், வேண்டுமென்றே பழுது புகுத்திய பயிற்சிப் பேனல்கள், அவற்றை வைத்தே நடத்தும் தேர்வு. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு ரோபோவின் விலையைவிட மிகக் குறைவு. ஆலையில் பணியாற்றி வந்த பயிற்றுநர்களைச் சேர்ப்பதுதான் கடினமான வேலை, முதலில் தொடங்க வேண்டியதும் அதுவே.