ஒரு கேம் தோற்றால் வீட்டுக்கு

வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் கேரம் உலகப் பட்டம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது அவருக்கு வயது 17. மறு ஆண்டே மாலத்தீவில் அதே கோப்பையைக் காசிமேடு கீர்த்தனா வென்றார். திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து பார்த்தால் வட சென்னையின் இந்த மூவர் ஊர்களும் பஸ் தூரம்தான். ‘இந்த மண்ணிலேயே திறமை இருக்கிறது’ என்று மேடையில் பேசுகிறார்கள். மண்ணில் ஒன்றும் இல்லை. மைதானத்துக்கு இடமில்லாத தெருக்களில் ஒரு பலகை, மேலே தொங்கும் ஒரு பல்பு, கொஞ்சம் பவுடர் இருந்தால் மன்றம் உருவாகிவிடும். ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளியும் கடலுக்குப் போகாத மீனவரும் எதிரெதிரே உட்கார, பக்கத்தில் நிற்கும் பையன் கட் ஷாட்டைப் பார்த்தே கற்றுக்கொள்வான்.

இந்தப் பையனை மன்றத்திலிருந்து வெளியே கொண்டுவருவது சப்-ஜூனியர், ஜூனியர் போட்டிகள்தான். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிகள் தெளிவாக இருக்கின்றன. சர்வதேச கேரம் சம்மேளனமே 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. எனவே விதிகள் இங்கே யாருக்கும் புதிதல்ல. மாலையில் பெரியவர்களிடம் அடி வாங்கிவிட்டு, ஞாயிறன்று சம வயதுக்காரனோடு மோதும் வாய்ப்பு வேறெந்த விளையாட்டிலும் ஏழைப் பிள்ளைக்கு இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. ஜூனியர் வயதிலேயே காசிமா சீனியர் உலகக் கோப்பையில் நின்றதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கோளாறு போட்டி நடத்தும் முறையில் இருக்கிறது. தனிநபர் ஆட்டங்கள் பெரும்பாலும் நாக்-அவுட். பலகைகள் போதாது, மண்டபத்துக்கு வாடகை ஏறுகிறது என்று ஆரம்பச் சுற்றுகளை ஒரே கேமில் முடித்துவிடும் பழக்கமும் உண்டு. கேரத்தின் கணக்கைப் பார்த்தால் இதன் அநியாயம் புரியும். ஒரு கேமுக்கு 25 புள்ளி. எதிராளியின் காய் ஒன்பது, ரெட்டுக்கு மூன்று என ஒரு போர்டில் அதிகபட்சம் 12தான் எடுக்க முடியும். அதாவது இரண்டு போர்டை முழுதாகச் சுருட்டினாலும் 24தான். மூன்றாவது போர்டு வேண்டும். பிரேக் மாறி மாறி வருவதால், நீண்ட ஆட்டத்தில் தோற்பவனுக்கு மீண்டெழ வழி விட்டிருக்கிறது விதி. பல கேம் ஆட வேண்டிய சுற்றை ஒரே கேமாகச் சுருக்கும்போது அந்த வழியை நாமே அடைக்கிறோம். எண்ணூரிலிருந்து காலையில் கிளம்பி வந்த சிறுமி, கை நடுக்கம் நிற்பதற்குள் தோற்று, பத்து மணிக்கே திரும்பிவிடுவாள். அடுத்த போட்டி எப்போது என்று அவளுக்கும் தெரியாது.

பிள்ளைகளை நிறைய ஆடவிடும் முறைக்கு ஓர் உதாரணம்: கனடாவில் 1919 முதல் ஜூனியர் ஐஸ் ஹாக்கிக்கு மெமோரியல் கோப்பை நடக்கிறது. அதில் ஆடும் 16 முதல் 20 வயதுப் பிள்ளைகள், ஒண்டாரியோ லீகிலிருந்து வருபவர்கள் என்றால் ஒரு பருவத்துக்கு 68 ஆட்டம் ஆடிவிட்டுத்தான் கோப்பை வாசலுக்கே வருகிறார்கள். அந்தப் பணமும் பனியும் நமக்கில்லை; ஆனால் ஆட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டப் பனி எதற்கு?

இன்னொரு குறை, பெண்பிள்ளைகள் வரும் வழி. இரவு வரை நடக்கும் மன்றம் ஆண்களின் இடம். காசிமாவின் தந்தை ஆட்டோ ஓட்டியபடி கேரம் பயிற்சியும் கொடுப்பவர். அப்படியொரு அப்பா வாய்க்காத பெண் எங்கே போய்க் காயைத் தொடுவாள்? உலகப் பட்டங்களில் பெண்களே முன்னால் நிற்கும் பகுதியில் இது விந்தைதான்.

வேலை வாய்ப்பை நம்பித்தான் பெற்றோர் பிள்ளையை அனுப்புகிறார்கள். ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி., பெட்ரோலிய நிறுவனங்கள் என்று கேரத்துக்கு அணி வைத்திருந்த இடங்களில் ஏர் இந்தியாவும் ஒன்று. அது 2022இல் டாடா வசம் போனது; அந்த வாசலை இனி நம்ப முடியுமா என்று தெரியவில்லை. உலகச் சாம்பியனான காசிமாவுக்கு அரசு ஒரு கோடி ரூபாய் தந்தது, நல்ல காரியம். ஆனால் மாவட்டக் காலிறுதியில் தோற்ற பிள்ளைக்கு பஸ் கட்டணம்கூட யாரும் தருவதில்லை.

மாவட்டச் சங்கத்தாரிடம் கேட்பது ஒன்றுதான். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மன்றங்களைச் சேர்த்து ஜூனியர்களுக்கு ஞாயிறு லீக் தொடங்குங்கள். அன்று பகலில் காலியாகக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களைக் கேளுங்கள். மன்றங்கள் தங்கள் பலகைகளைக் கொண்டுவரட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தோற்றாலும் ஜெயித்தாலும் பத்து ஆட்டமாவது ஆடிய பிறகு நாக்-அவுட் வையுங்கள்.