ஆணியில் தொங்கும் எழுபதுகள்

ஆனைக்குட்டத்தில் எங்கள் அப்பத்தா வீட்டு நடு அறைச் சுவரில் இருந்தது ஒரே ஓர் ஆணி. தை பிறந்தால் புதுக் காலண்டர் அந்த ஆணியில் ஏறும். பழையது அடியிலேயே கிடக்கும். சாமிப் படத்தைக் கழற்றி எங்கே போடுவது என்று அப்பத்தாவுக்கு ஒரு தயக்கம். வீட்டைப் பிரித்துக் கட்டியபோது அந்த ஆணியிலிருந்து ஒரு கட்டாக இறங்கின முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும். எல்லாவற்றிலும் தேதித் தாள் தீர்ந்துபோய், கம்பி குத்திய அடிக்கட்டை மட்டும் மிச்சம். ஒரு முருகனில் மட்டும் தாள் இருந்தது. மேல் தாளில் 1975 அக்டோபர் 2, வியாழக்கிழமை. காந்தி ஜெயந்தி என்பதால் சிவப்பு எழுத்து. அன்றுதான் சென்னையில் காமராசர் காலமானார். அவர் பிறந்த விருதுநகர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். மறுநாள் காலையில் தேதி கிழிக்க அந்த வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் காலண்டரை நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல்தான். உங்கள் வீட்டுப் பரணிலோ, பூஜை அறைக் கண்ணாடிச் சட்டத்திலோ, பழைய பலசரக்குக் கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலோ எழுபதுகளின் சிவகாசிப் படம் ஒன்று இருக்கக்கூடும். அதை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், அதை மேசையில் விரித்து வைக்காதீர்கள். சுவரில் மாட்டுங்கள். சாமியின் கண் உங்கள் கண்ணைவிடக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். எட்டடி தள்ளி நில்லுங்கள். காலை வெயில் நேராக விழாமல், தரையில் பட்டு மேலே ஏறும் வெளிச்சம் போதும். இந்தப் படங்கள் அந்த உயரத்துக்கும் அந்தத் தூரத்துக்கும் அந்த வெளிச்சத்துக்கும் வரையப்பட்டவை. இப்போது அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்து பாருங்கள். முருகன் உங்களைப் பார்த்துக்கொண்டே வருவார். உடம்பு மயில் மேல் ஒருச்சாய்த்து உட்கார்ந்திருக்கும், இடுப்பு ஒடிந்திருக்கும், பார்வை மட்டும் நேர்.

இது தற்செயல் கிடையாது. ரவிவர்மாவின் தமயந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் அன்னத்தைப் பார்க்கிறாள். நாம் ஓரமாக நின்று அவள் கதையை வேடிக்கை பார்க்கிறோம். 1894ல் பம்பாயில் அச்சகம் போட்டு ரவிவர்மா நாடெங்கும் பரப்பிய படங்களிலிருந்து நம் பக்கத்து ஓவியர்கள் நிறையக் கற்றார்கள். பட்டுச் சேலையின் மடிப்பு, கழுத்து நகையின் மினுக்கு, சதையின் உருட்சி எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் பார்வையை மட்டும் திருப்பிவிட்டார்கள். கோயிலில் திரை விலகியதும் சாமி நம்மைப் பார்க்குமே, அந்த நேரத்தை அப்படியே தாளில் நிறுத்தினார்கள். என் கணக்கில் தென்தமிழ்நாட்டுக் காலண்டர் ஓவியத்தின் பெரிய சாதனை இந்தத் திருப்பம்தான். இதை மலினமான பஜார் சரக்கு என்று ஒதுக்கியவர்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. எட்டடி தள்ளி நின்று பார்க்கும் பொறுமை அவர்களுக்கு இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு பின்னணிக்கு வாருங்கள். எங்கள் 1975 முருகனுக்குப் பின்னால் ஒரு தாமரைக் குளம், அதற்குப் பின்னால் அருவி, நீல மலை, ரோஜா நிற மேகம். ஆனைக்குட்டத்தில் எங்கே அருவி? அர்ஜுனா நதியில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல். வெயில் காயும் வறண்ட மண் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்த வட்டாரத்தில் காலூன்றின. அந்த ஊர்ச் சுவரில் எந்நேரமும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது இந்த ஒரு சதுரத்தில் மட்டும்தான். அப்பத்தா சாமியைக் கும்பிட்டு முடித்து அந்தக் குளத்தையும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

அந்தக் குளமும் மலையும் நாடக மேடையிலிருந்து வந்தவை. கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் பெயரை இங்கே சொல்லியாக வேண்டும். 1898ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, திருவண்ணாமலையில் ரமணரிடம் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிப் பிழைத்தார். 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் என்று அவரிடம் தொழில் பழகியவர்கள் ஒரு பட்டாளம். இவர்கள் வரைந்தது சிவகாசியில் அச்சேறி, தமிழ்நாட்டைத் தாண்டி எங்கெங்கோ சுவர்களுக்குப் போனது. தர்பார் திரை, வனத் திரை, நந்தவனத் திரை என்று நாடகத்தில் மாறி மாறி இறங்குமே, அந்தத் திரைகள்தான் காலண்டர் சாமிக்குப் பின்னால் தொங்குகின்றன. ஒரு பக்கம் தூண், அதைச் சுற்றிய சிவப்புத் திரைச்சீலை, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, படிக்கட்டு. அடுத்த முறை லட்சுமி படம் பார்க்கும்போது அந்தத் தரைக் கட்டங்கள் எந்த இடத்தில் போய்ச் சுருங்குகின்றன என்று விரலால் இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சாமியின் மார்புக்கோ முகத்துக்கோ கொண்டுபோய் விடும்.

அடியில் மூலையில் கையெழுத்து இருக்கிறதா என்றும் தேடுங்கள். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்திட்ட படங்கள்கூட உண்டு. என் முருகனில் கையெழுத்து இருந்த இடத்தை வெட்டுக் கத்தி கொண்டுபோய்விட்டது. யார் கை என்று சொல்ல வழியில்லை. கோவில்பட்டி வழி என்பது மட்டும் மயிலின் கழுத்திலேயே தெரிகிறது.

இனிப் பக்கத்தில் போகலாம். ஒரு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர்கள் வைத்திருப்பது போதும். எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. சிவகாசியில் ஒரு லித்தோ பிரஸ்ஸில் முப்பது வருஷம் நின்றவர். அந்தக் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பியதும் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து என் கையில் வைத்தார்.

"கண்ணைப் பாக்காத. கன்னத்தைப் பாரு."

அறுபதுகளின் லட்சுமி ஒன்றின் கன்னத்தில் லென்ஸை வைத்தேன். ரோஸ் நிறம் என்று நான் நினைத்திருந்தது கலைந்து புள்ளியாய்ப் போயிற்று. சிறிசும் பெரிசுமாக, மணல் சிந்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். காதுப் பக்கம் நெருக்கம், மூக்குப் பக்கம் கலைசல்.

"இது பேனாப் புள்ளி. ஒவ்வொண்ணும் ஒரு ஆளு உக்காந்து வச்சது. மஞ்சளுக்கு ஒரு தடவை, சிவப்புக்கு ஒரு தடவை, நீலத்துக்கு ஒரு தடவை. ஒரு மூஞ்சி முடிக்கையில தாவு தீந்துரும்" என்றார். பிறகு எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு விநாயகரை எடுத்து, "இப்ப இதைப் பாரு" என்றார். தும்பிக்கையில் புள்ளிகள் படை நிற்பது போல வரிசை பிடித்து நின்றன. நாலு நிறமும் சேர்ந்த இடத்தில் குட்டிக் குட்டிப் பூ வட்டம். "இது ஸ்கிரீன் புள்ளி. கேமரா வச்சது."

இந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருக்கிறது எழுபதுகள். பழைய லித்தோவில், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே சூத்திரத்தை நம்பிக் கல்லிலும் துத்தநாகத் தகட்டிலும் ஓவியத்தை நிறம் நிறமாகக் கையால் பிரித்து வரைவார்கள். நாலு நிறம் போதாமல் வெளிர் ரோஸ், வெளிர் நீலம் என்று தனித்தனியாக ஓட்டுவதும் உண்டு. கேமரா வந்தபின் ஓவியத்தை நிறக் கண்ணாடிகள் வழியாகப் படமெடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு தகடு செய்தார்கள். புள்ளி வரிசைகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்த்தார்கள். கறுப்புக்கு 45 பாகை. தகட்டிலிருந்து ரப்பர் போர்வைக்கும் அங்கிருந்து தாளுக்கும் மை இறங்கும் ஆஃப்செட் முறைக்கு அமெரிக்காவிலும் ஒரு வேர் உண்டு. 1904 வாக்கில் நியூஜெர்சியில் ஐரா ரூபல் என்ற அச்சகக்காரர், தாள் வைக்க மறந்து ஓடிய மிஷினில் ரப்பரில் விழுந்த படம் அடுத்த தாளில் இன்னும் தெளிவாகப் பதிந்ததைக் கவனித்தார். கவனக்குறைவில் நேர்ந்ததைத் தொழிலாக்கியவர் அவர்.

என் 1975 முருகன் இரண்டும் கெட்டான். அதனால்தான் எனக்கு அவர் உசத்தி. மலையிலும் மேகத்திலும் ஸ்கிரீன் புள்ளி வரிசையாக நிற்கிறது. முகத்துக்கு வந்ததும் வரிசை குழம்புகிறது. கேமரா எடுத்துக் கொடுத்ததன் மேல் யாரோ ஒருவர் மெல்லிய தூரிகையால் கன்னத்தைத் திருத்தியிருக்கிறார். சாமி முகத்தை மட்டும் கேமராவிடம் விட மனமில்லை. உங்கள் படத்திலும் முகத்தையும் பின்னணியையும் லென்ஸில் மாற்றி மாற்றிப் பாருங்கள். முகத்தில் மட்டும் ஒரு கலைசல் தெரிந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

1976ல் கொண்டையராஜு காலமானார். அதே வருஷம் ஜூலை 20ந் தேதி அமெரிக்காவின் வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. அதன் கேமரா கோடு கோடாகத் துழாவி எடுத்து அனுப்பியதைப் பூமியில் வரிசையாக அடுக்கிப் படமாக்கினார்கள். மறுநாள் வெளியான முதல் வண்ணப் படத்தில் செவ்வாயின் வானம் நம்மூர் வானம் போலக் கொஞ்சம் நீலமாக இருந்தது. பிறகு நிறத்தைச் சரிபார்த்ததும் வானம் தூசி கலந்த ரோஸாக மாறியது. கலர் கரெக்ஷன் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று இதைக் கேட்ட பெரியப்பா மனதார அனுதாபப்பட்டார். அவருக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். கிருஷ்ணரின் நீலம் ஒரு சொட்டு கூடினால் கறுத்துவிடும், குறைந்தால் வெளிறிவிடும். பார்ட்டி ஆர்டரைத் திருப்பிவிடுவார். செவ்வாய்க்கு அதிபதி முருகன் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒரே தலைமுறை ஆட்கள் அங்கே செவ்வாய்க்கும் இங்கே முருகனுக்கும் சரியான சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது.

லென்ஸை எடுக்கும் முன் ஓரங்களையும் பார்த்துவிடுங்கள். மயில் கழுத்தின் நீலம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். அல்லது கைக்கும் வேலுக்கும் நடுவே ஒரு மயிரிழை வெள்ளை தெரியும். ஒரு நிறம் மற்ற நிறத்தின் மேல் சரியாக உட்காராததால் வருவது இது. தாள் ஈரம் குடித்தால் நீளும். முதல் நிறம் ஓடியபோது இருந்த அளவு மூன்றாம் நிறம் ஓடும்போது இருக்காது. சிவகாசியின் வறண்ட காற்று அச்சுத் தொழிலுக்கு வரமாக அமைந்தது இதனால்தான். ஆனால் காலண்டர் வேலை மும்முரமாக நடக்கும் மாதங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிடுமே. விலகி நிற்கும் நீலத்தைக் காட்டி, "இது மழைக்குள்ள ஓடின தாளு" என்பார் பெரியப்பா. தப்பு என்று ஒதுக்காமல், அந்த வெள்ளைக் கீற்றில் ஒரு மழை நாளைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

படத்துக்குக் கீழே இருப்பதை வெட்டிவிட்டுச் சட்டம் போடுகிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். எந்த ஜவுளிக்கடை, எந்த எண்ணெய்ச் செக்கு, எந்த வெங்காய மண்டி என்று அச்சிட்ட அந்தப் பட்டைதான் படத்தின் ஊர்ப்பேர். சாமி படம் முன்பே அச்சடித்துக் கிடக்கும். கடைப் பெயர் பிறகு ஏறும். அதனால் ஒரே முருகன் மதுரையில் பாத்திரக்கடையாகவும் மலேயாவில் மளிகைக்கடையாகவும் தொங்கியிருக்கலாம். இன்றும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பம் போடுகிறார்கள். அதைப் புரட்டித்தான் வியாபாரிகள் தங்களுக்கான சாமியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தேதித் தாளையும் படியுங்கள். ராகு காலம், எமகண்டம், சூலம், நல்ல நேரம் எல்லாம் உள்ளங்கை அகலத்தில் அடங்கியிருக்கும். 365 தாளையும் வரிசை பிசகாமல் அடுக்கிக் கம்பி அடித்தது கைகள்தான், பெரும்பாலும் பெண்களின் கைகள். அந்த வருஷங்களில் இந்த வட்டாரத்துத் தீப்பெட்டி வேலைக்கு விடியுமுன் பிள்ளைகளை ஏற்றிப்போன வண்டிகளையும் மறக்க முடியாது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986ல் வந்தது. தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் காலண்டரும் ஒரே அச்சுத் தெருக்களில் பிறந்தவை. பளபளப்பை ரசிக்கும் கண் இதையும் பார்க்கத்தான் வேண்டும்.

சேர்த்துவைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேமினேஷன் போடாதீர்கள். அந்த உறைக்கு மேல் லென்ஸ் வைத்தால் வெளிச்சம்தான் கண்ணில் குத்தும், புள்ளி தெரியாது. பருத்தித் துணியால் தூசி தட்டி, தட்டையாக, இருட்டில் வையுங்கள். ரோஸும் மஞ்சளும்தான் வெயிலுக்கு முதலில் பலியாகும். வெளிறிய படங்களில் சாமிகளெல்லாம் நீலம் பாய்ந்து தெரிவது அதனால்தான்.

என் முருகன் இப்போது புது வீட்டில், வெயில் படாத சுவரில் இருக்கிறார். தேதித் தாள் 91 மிச்சம். பேத்தி வந்தால் அவளைத் தூக்கி லென்ஸைக் கொடுத்துக் கன்னத்தைப் பார்க்கச் சொல்வேன். அவள் கை தன்னால் கீழே அந்தச் சிவப்புத் தேதிக்குப் போகும். கிழித்துவிடுவாளோ என்று ஒவ்வொரு தடவையும் எனக்குப் பக்கென்றிருக்கும். தாளின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வியாழக்கிழமையா தாத்தா?" என்று கேட்பாள்.