இருபது நிமிடக் குழாய்

பாம்புக்கடி என்று ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்கள் அவசரப் பிரிவில் எதிர்பார்ப்பது ஊசியை. செவிலியர் எடுப்பதோ ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாய். 2 மில்லி ரத்தத்தை அதில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் நிறுத்திவைக்கிறார். பிறகு ஒரே ஒரு முறை சாய்க்கிறார். உறையாமல் ஓடினால், விரியனின் விஷம் ரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. விஷமுறிவு மருந்து உடனே ஏற வேண்டும்.

நுணுக்கமெல்லாம் குழாயில்தான். பிளாஸ்டிக் உதவாது, உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. சோப்புத்தூளில் கழுவிய கண்ணாடியும் ஏமாற்றும். நல்ல ரத்தம்கூட அதில் உறையாமல் நிற்கும். புதிய, உலர்ந்த குழாய்களை யாரும் தொடாமல் தனியே எடுத்துவைக்கும் செவிலியரைத் தேர்ந்த கைவினைஞராகவே நான் மதிக்கிறேன்.

அந்த 20 நிமிடமும் அவர் சும்மா நிற்பதில்லை. காலில் வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதுகிறார். “அண்ணே, மேலே பாருங்க” என்று சொல்லி இமைகளைக் கவனிக்கிறார். கட்டுவிரியனோ நல்ல பாம்போ கடித்திருந்தால் ரத்தம் ஒழுங்காக உறைந்துவிடும், இமைதான் சரியும். இமை சரிந்தாலோ ஈறில் ரத்தம் கசிந்தாலோ குழாய்க்காக யாரும் காத்திருப்பதில்லை. மருந்து ஏறும்போது ஒவ்வாமை வந்தால் போட, அட்ரினலின் முன்பே சிரிஞ்சில் தயார். 6 மணி நேரம் கழித்து மறுபடி புதுக் குழாய், மறுபடி 20 நிமிடம்.