உணவுப் பங்கைத் தேடி வந்து தந்தவர்: யூத இன அழிப்புப் புனைவுகளில் கருணையும் கொடுமையும்

யூத இன அழிப்பைப் பற்றிய கதைகளைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு ஒரு கட்டத்தில் கொடுமை பழகிவிடுகிறது. கருணைதான் திடுக்கிட வைக்கிறது. நாஜி முகாமில் கொடுமைக்கு ஆணை இருந்தது, சம்பளம் இருந்தது, கால அட்டவணைகூட இருந்தது. கருணைக்கு எந்த ஆதரவும் இல்லை. ஆகவே ஒரு யூதக் கைதிக்கு உதவ ஒருவர் முன்வரும் இடத்தை எழுத்தாளர் எவ்வளவு நேர்மையாகக் கையாள்கிறார் என்பதே இத்தகைய படைப்புக்குச் சரியான உரைகல் என்று கருதுகிறேன்.

ததேயுஷ் பொரோவ்ஸ்கி யூதர் அல்லர். 1943இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்ட போலந்துக் கவிஞர். போர் முடிந்த கையோடு அவர் எழுதிய கதைகளில் கதைசொல்லியும் ஒரு கைதியே. ரயிலில் வந்திறங்கும் யூதர்களின் மூட்டைகளை அப்புறப்படுத்துவது அவன் வேலை. அவர்கள் கொண்டுவந்த ரொட்டியில் அவன் வயிறு நிறைகிறது. முகாமை நடத்துபவர்கள்மீது வரவேண்டிய ஆத்திரம் சாகப்போகிறவர்கள்மீதே பாய்கிறது. வந்தவர்களிடம் சாவைக் கடைசிவரை மறைப்பதுதான் அங்கே அனுமதிக்கப்பட்ட ஒரே தருமம்.

அந்தப் பொய் அதிகாரியின் வாயிலிருந்து வரும்போது என்ன ஆகும்? மூன்று முகாம்களில் உயிர் பிழைத்த செக் எழுத்தாளர் அர்னோஷ்ட் லுஸ்டிக், 1964இல் வெளிவந்த காதெரினா ஹொரோவிட்ஸோவா பற்றிய நாவலில் அதைக் காட்டுகிறார். பிரென்ஸ்கே என்னும் அதிகாரி குரலை உயர்த்துவதே இல்லை. பணக்கார யூதர்களிடம் விடுதலை பற்றி மரியாதையாகப் பேசிப் பேசியே அவர்கள் செல்வத்தைத் தவணை தவணையாகக் கறந்து, விஷவாயு அறைக்கு அனுப்பிவைக்கிறான். யூரெக் பெக்கரின் ‘பொய்யன் யாக்கோப்’ (1969) நாவலிலோ பொய் சொல்பவன் யூதனே. தன்னிடம் வானொலி இருப்பதாக அவன் புனையும் செய்திகளால், யூதர்கள் அடைக்கப்பட்ட கெட்டோவில் தற்கொலைகள் நிற்கின்றன. உண்மையை நண்பனிடம் ஒப்புக்கொண்டதும் அந்த நண்பன் தூக்கில் தொங்குகிறான். இங்கே கருணைக்கும் ஒரு விலை உண்டு.

கைதிகளுக்குள்ளேயே நிகழும் கொடுமையை சிந்தியா ஓசிக்கின் ‘சால்வை’ (1980) சில பக்கங்களில் சொல்லிவிடுகிறது. குளிர் தாங்காத சிறுமி ஒருத்தி, கைக்குழந்தையை மறைத்துக் காத்துவந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்கிறாள். சால்வையைத் தேடி வெளிச்சத்துக்கு வந்த குழந்தை மின்வேலியில் வீசிக் கொல்லப்படுகிறது. சிறுமியை ஓசிக் மன்னிக்கவும் இல்லை, கொலையாளிகளின் குற்றத்தை அவள்மேல் ஏற்றவும் இல்லை.

கைதிகளின் கருணையை எழுதிய புரூனோ அபிட்ஸ் எட்டாண்டுகள் புக்கன்வால்ட் முகாமில் கைதியாக இருந்தவர். அவரது ‘ஓநாய்களிடையே நிர்வாணமாய்’ (1958) நாவலில், பெட்டிக்குள் வந்த குழந்தையைக் கம்யூனிஸ்டுக் கைதிகள் உயிரைப் பணயம் வைத்து ஒளிக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியின் பெருமைக்குரிய நூலாக இது விளங்கியது. இதற்குப் பின்னிருந்த உண்மைக் குழந்தை ஸ்டெபான் யெர்சி ஸ்வைக். 1944இல் ஆஷ்விட்ஸுக்குப் போகவேண்டியவர்களின் பட்டியலிலிருந்து அவன் பெயர் நீக்கப்பட்டபோது, அந்த இடத்தில் ஐரோப்பிய ரோமா மக்களில் ஒரு பிரிவான சிந்தி இனத்தின் 16 வயதுச் சிறுவன் வில்லி ப்ளூமின் பெயர் சேர்க்கப்பட்டது. வில்லி திரும்பவில்லை. நாவலில் அவனுக்கு இடமும் இல்லை. காப்பாற்றியவர்களின் துணிவு பொய்யல்ல; ஆனால் முகாம் அவர்களைத் தள்ளிய இக்கட்டை நாவல் மறைத்துவிட்டது.

இந்தத் துறையில் கருணையைப் பற்றி மிக ஆழமாகச் சிந்தித்தவர் ஹங்கேரிய நாவலாசிரியர் இம்ரே கெர்தேஸ்; 2002இல் நோபல் பரிசு பெற்றவர். 1975இல் வந்த நாவலில் அவரது இளம் நாயகனிடம், ஆஷ்விட்ஸில் இறங்கியதுமே, பதினாறு வயது என்று சொல்லச் சொல்கிறார்கள் முகம் தெரியாத கைதிகள். அந்த ஒரு சொல் அவனைப் பிழைக்க வைக்கிறது. பிறக்காத குழந்தைக்கான பிரார்த்தனையாக அமைந்த 1990ஆம் ஆண்டு நாவலில் ஆசிரியர் என்று அழைக்கப்படும் கைதி வருகிறார். நோயுற்ற சிறுவன் ஒருவனின் உணவுப் பங்கு அவர் கையில் சிக்கிவிடுகிறது. அதையும் தின்றால் அவர் பிழைக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகும். அவரோ பையனைத் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போகிறார். தீமைக்குக் காரணம் சொல்லிவிடலாம், இந்த நன்மைக்குத்தான் விளக்கமில்லை என்று அந்தப் பையன் வளர்ந்த பிறகு வாதிடுகிறான். ஆசிரியரைக் கெர்தேஸ் புனிதராக்கவில்லை. அவர் எதைத் துறந்தார் என்பதை மட்டும் துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டுகிறார்.

இந்தக் கணக்கைத்தான் ஜான் பாய்னின் ‘கோடுபோட்ட பைஜாமா அணிந்த சிறுவன்’ (2006) தவறவிடுகிறது. முகாம் தளபதியின் மகன் வேலிக்கு அப்பாலுள்ள யூதச் சிறுவனுக்கு உணவு கொண்டுபோகிறான். முடிவில் இருவரும் சாகிறார்கள். ஆனால் வாசகரின் கண்ணீர் தளபதி வீட்டுப் பிள்ளைக்கே போகும்படி கதை கட்டப்பட்டிருக்கிறது. ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் 2020இல், இந்த வரலாற்றைப் படிப்போரும் கற்பிப்போரும் இந்நூலைத் தவிர்க்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னது. உண்மையில் ஆஷ்விட்ஸில் அந்தக் கதைச் சிறுவனின் வயதையொத்த யூதக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் வந்த அன்றே கொல்லப்பட்டார்கள்.

கருணை காட்டியவர் எதை இழந்தார், அந்தச் சுமை கடைசியில் யார் தலையில் விழுந்தது என்ற இரு கேள்விகளையும் தாங்கி நிற்கும் படைப்பே கொல்லப்பட்டவர்களுக்கு நியாயம் செய்கிறது. வாசகரைத் தேற்றி அனுப்புவதற்காகக் கருணையை எழுதுவது அவர்களுக்கு இழைக்கப்படும் இன்னொரு அநீதி.